குவிமுகக் கிடாரும் எழுதப்படாத அளவுகளும்

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் தன் கையாலேயே இசைக்கருவி செய்துகொள்கிறான். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதி அலுத்த பிறகு, உள்ளே துளையோடிய குமிழமரக் கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் ஆக்கி வாசிக்கிறான். அவன் பாணர் குடியில் பிறந்தவன் அல்லன், தச்சனும் அல்லன். கருவி செய்வதை ஒரு குடியின் தொழிலாக மட்டுமே பார்க்கப் பழகிய நமக்கு இந்தக் காட்சி முக்கியமானது. இன்று அதே கச்சியில், வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரத்தில், பகலில் தறியிலோ பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் உளி எடுக்கும் ஒருவர், நரம்புக் கருவிகளுள் கடினமானவற்றில் ஒன்றான ஆர்ச்டாப் கிடாரைக் கையால் செய்ய முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை ஆராயும்போது, கிடாரைவிட நம் வீணையைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்கிறோம்.

ஆர்ச்டாப் என்பது மேற்பலகை தட்டையாக இல்லாமல் வயலினைப்போல் நடுவில் குவிந்து எழும் கிடார். சாதாரணக் கிடாரின் மேற்பலகை ஏறத்தாழ ஒரே தடிமனில், மூன்று மில்லிமீட்டரை ஒட்டி, இழைத்து எடுக்கப்படுகிறது. ஆர்ச்டாப்பிலோ ஓர் அங்குலத் தடிமனுள்ள பலகையை வெளியிலிருந்து குவியலாகவும் உள்ளிருந்து குழிவாகவும் செதுக்கிக்கொண்டே வரவேண்டும். நடுவில் ஆறு மில்லிமீட்டர் அளவும், விளிம்பை நெருங்கும்போது மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவும் மிஞ்சும். எடுத்த மரத்தில் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். வட்டத் துளைக்குப் பதில் எஃப் வடிவத் துளைகள் இரண்டு. கம்பிகள் மேற்பலகையில் ஒட்டப்படுவதில்லை. அவை கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல் ஏறி இறங்கி, கிடாரின் வால் முனையில் உள்ள உலோகத் தாங்கியில் போய் முடிகின்றன. ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை 70 கிலோவை ஒட்டி வரும். அந்த இழுவிசையைப் பலகை தாங்க வேண்டியதில்லை என்றாலும், குதிரையின் வழியாகப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் ஓயாமல் கீழ்நோக்கி இறங்குகிறது. பலகை அதிகம் தடித்திருந்தால் ஒலி எழாது. அதிகம் மெலிந்திருந்தால் சில ஆண்டுகளில் அமுங்கிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே நிறுத்துவதுதான் முழு வேலையும்.

இந்த அமைப்பைச் சொல்லும்போதே தஞ்சாவூர் வீணை நினைவுக்கு வரவேண்டும். பலாமரக் கட்டையைக் குடைந்து குடம் ஆக்குகிறார்கள். அதன்மேல் பலகை மூடுகிறது. பலகையின் நடுவே குதிரை நிற்கிறது. கம்பிகள் குதிரையைத் தாண்டிப் போய்க் குடத்தின் கடைசியில் நாகபாசத்தில் முடிகின்றன. விசை ஓடும் வழியைப் பார்த்தால் நாகபாசமும் ஆர்ச்டாப்பின் வால்தாங்கியும் ஒன்றே; இரண்டிலும் பலகை அழுத்தத்தை மட்டும் ஏற்கிறது. கிடார் வகைகளில் வீணைக்கு மிக நெருங்கிய உறவு ஆர்ச்டாப்தான் என்று துணிந்து சொல்லலாம். வேறுபாடு குதிரையின் தலையில் இருக்கிறது. வீணைக் குதிரையின் பித்தளைத் தகடு மெல்லிய வளைவுடன் இருப்பதால் கம்பி அதில் உரசி உரசிப் பல மேல்சுரங்களை எழுப்புகிறது. கம்பியை எங்கே மீட்டினாலும், அங்கே எழக்கூடாத மேல்சுரங்களும் வீணையில் எழுவதைச் சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக் காட்டினார். திருச்சியில் பிறந்த ஓர் இயற்பியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வீணையை அளக்கத் தொடங்கிவிட்டார். அந்த அளவை குதிரையோடு நின்று, குடத்துக்கும் பலகைக்கும் போதிய அளவு பரவாமல் போனது நம் இழப்பு.

கைப்பழக்கம் இல்லாதவர் இந்த வேலைக்குள் நுழையலாமா என்ற ஐயத்துக்கு வரலாறே முதல் பதிலைத் தருகிறது. செதுக்கிய மேற்பலகையுள்ள கிடாரையும் மாண்டலினையும் உருவாக்கிய ஆர்வில் கிப்சன், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் செருப்புக் கடையில் எழுத்தராக இருந்தவர். மரச் செதுக்கு அவருக்கு ஓய்வுநேர ஆர்வம். 1898இல் அவர் பெற்ற காப்புரிமை ஒரு மாண்டலினுக்கானது. மரத்தை வளைத்து அழுத்தத்தில் வைக்காமல் முழுக் கட்டையிலிருந்து செதுக்கினால்தான் ஒலி நன்றாக எழும் என்பது அவர் நம்பிக்கை. பக்கச் சட்டங்களைக்கூட அவர் வளைக்காமல் செதுக்கியே எடுத்தார். 1902இல் அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் பிறகு அந்த வழியைக் கைவிட்டுப் பக்கங்களை வளைத்தே செய்தது. அதன் கருவிகளின் ஒலி அதனால் கெடவில்லை. லாய்ட் லோர் அங்கே பணியாற்றிய காலத்தில், 1922இல் வந்த எல்-5 கிடார்தான் எஃப் துளை ஆர்ச்டாப்பின் மூல வடிவமாக நிலைத்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு நம்மிடையே இருக்கும் தனி மதிப்பும் கிப்சனின் நம்பிக்கையும் ஒரே வேரில் முளைத்தவை. ஏகாண்டம் சிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் அது ஒட்டு வீணையைவிட எவ்வளவு, எந்தச் சுரத்தில், எதனால் சிறந்தது என்று அளந்து ஒப்பிட்டுச் சொல்லாதவரை அது நம்பிக்கையாகவே இருக்கும்.

மறுபுறம் ஜான் டி'ஆஞ்சலிகோ இருக்கிறார். நியூயார்க்கில் உறவினரின் பட்டறையில் ஒன்பது வயதிலேயே சேர்ந்து, 1932இல் தனிப் பட்டறை திறந்து, 1964இல் இறக்கும்வரை செய்தவர். அவர் எண்ணிட்ட கிடார்கள் 1,164. ஆண்டுக்குச் சராசரி முப்பத்தாறு. உலகம் போற்றும் ஆர்ச்டாப்கள் அவருடையவை. ஓர் ஆர்வலர் ஆண்டுக்கு ஒன்று செய்தாலே பெரிது. ஆகவே பரம்பரைக் கைவினைஞருக்கும் ஆர்வலருக்கும் உள்ள உண்மையான இடைவெளி கையின் நுட்பத்தில் இல்லை என்று கருதுகிறேன். உளி பிடிக்கச் சில மாதங்களில் பழகலாம். இடைவெளி இருப்பது திரும்பச் செய்வதில். ஆயிரம் பலகைகளைத் தட்டிக் கேட்டவர், ஆயிரத்தோராவது பலகை எங்கே நிற்க வேண்டும் என்று காதாலும் கட்டைவிரலாலும் அறிவார். ஆர்வலருக்கு அந்த ஆயிரம் வாய்க்காது. அதற்கு ஈடாக அவர் எதை வைக்க முடியும் என்பதுதான் கேள்வியின் மையம்.

இதற்குச் சின்ன காஞ்சிபுரத்தின் தறிகளே ஒரு விடை வைத்திருக்கின்றன. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் ஏறும் உருக்களை முன்பு 'அடை' என்னும் நூல் கட்டமைப்பில் சேமித்தார்கள். எந்தப் பாவு இழை எப்போது தூக்கப்பட வேண்டும் என்பது அந்தக் கட்டில் இருந்தது. கட்டத் தெரிந்தவர்கள் சிலரே. பிறகு கட்டம்போட்ட தாளும் ஜக்கார்டு அட்டையும் வந்தன. ஒருவர் வரைந்த மயிலையோ அன்னத்தையோ அவரை ஒருபோதும் பார்த்திராத இன்னொரு நெசவாளர் இன்று நெய்கிறார். ஆனால் கோர்வை அட்டைக்குள் போகவில்லை. உடலையும் கரையையும் மூன்று ஓடங்களால் இணைத்து, இரு நிறங்கள் சந்திக்கும் கோடு நெளியாமல் நெய்வது இன்னும் தறியில் உட்கார்ந்தவர் கையிலும், பக்கத்தில் ஓடம் வாங்கிக் கொடுப்பவர் கையிலும்தான் இருக்கிறது. ஒரு தொழிலின் அறிவில் எது அட்டைக்குள் போகும், எது போகாது என்பதை இந்த ஊர் வேறு எந்த ஊரையும்விட நன்றாக அறியும். ஆர்ச்டாப்பிலும் இதே பிரிவு உண்டு. உருவக்கோடு, குவிவின் உயரம், எஃப் துளையின் இடம், கழுத்தின் கோணம் எல்லாம் தாளில் ஏறக்கூடியவை. ராபர்ட் பெனடெட்டோ என்ற கைவினைஞர் 1994இல் வெளியிட்ட செய்முறை நூல் இவற்றையெல்லாம் பட்டறைக்கு வெளியே கொண்டுவந்தது. தாளில் ஏறாமல் மிஞ்சுவது ஒன்றுதான்: கையில் இருக்கும் இந்த ஒரு பலகையின் விறைப்பு.

அந்த மிச்சத்தையும் எண்ணாக்க வழி இருக்கிறது. ஒரு பலகையின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அரை மில்லிமீட்டர் சீவுவது காதுக்கு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுவே. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட விறைப்பில் வேறுபடும். ஆகவே பெனடெட்டோ சொன்ன தடிமனை அப்படியே எடுத்துக்கொள்பவர் அவருடைய பலகையைச் செய்கிறார், தன் பலகையை அல்ல. பலகையை இரு முனைகளில் தாங்கி, நடுவில் தெரிந்த எடையை வைத்து, எவ்வளவு தொய்கிறது என்று டயல் கேஜில் பார்த்து எழுதிவிட்டால், ரேகையின் நெடுக்கிலும் குறுக்கிலும் அதன் விறைப்பு தெரிந்துவிடும். அதோடு எடை, தட்டும்போது எழும் சுருதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கு வேண்டிய கருவிகள் தராசு, காலிப்பர், டயல் கேஜ், ஒரு கைப்பேசி. கைப்பேசியை விட்டுப் பார்த்தால், ஒரு நல்ல இழைப்புளியின் விலையைவிட அதிகம் ஆகாது.

இந்த வழியின் மிகச் சிறந்த முன்னோடி ஓர் ஆர்வலரே. கார்லீன் ஹட்சின்ஸ் (1911–2009) அமெரிக்காவில் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியையாக இருந்தவர். 1940களின் இறுதியில் வயோலா செய்யப் பழகி, ஹார்வர்டு இயற்பியலாளர் ஃபிரெடரிக் சாண்டர்ஸோடு சேர்ந்து, பலகைகள் எப்படி அதிர்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பலகைமேல் பொடியைத் தூவி அதிரச் செய்தால், அதிராத இடங்களில் பொடி ஒதுங்கிக் கோடுகளாக நிற்கும். கிளாட்னி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டிய அந்த முறையை ஹட்சின்ஸ் பட்டறைக்குள் கொண்டுவந்து, எங்கே சீவினால் எந்தக் கோடு நகர்கிறது என்று குறித்துவைத்தார். 1963இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய கேட்கட் ஒலியியல் கழகம் செய்பவர்களையும் அறிவியலாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஹட்சின்ஸின் எண்களைக் கடைப்பிடித்த எல்லாரும் நல்ல வயலின் செய்துவிடவில்லை. தனியாகப் பிடித்துத் தட்டிய பலகையின் சுருதி, அதைச் சட்டத்தில் ஒட்டிய பிறகு முற்றிலும் மாறிவிடுகிறது. அனுபவமுள்ள கைவினைஞர் பலர் அந்த முறையை ஏற்கவுமில்லை. மறுப்பு சரியானதுதான். ஆனால் அது எண்களைச் செய்முறைச் சூத்திரமாக நம்பியதற்கு எதிரான மறுப்பு. எண்களை நினைவாக வைத்துக்கொள்வதற்கு எதிரானது அல்ல. ஆர்வலருக்கு வேண்டியது இரண்டாவது. முதல் கிடாரின் பலகை இவ்வளவு எடை, இவ்வளவு தொய்வு, முடிவில் ஒலி இப்படி என்று எழுதிவைத்தவர் இரண்டாவது கிடாரில் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. இருபது ஆர்வலர்கள் ஒரே முறையில் எழுதிவைத்தால், எந்த ஒருவரும் செய்யாத இருபது கிடார்களின் அனுபவம் எல்லாருக்கும் கிடைக்கும். டி'ஆஞ்சலிகோவின் ஆயிரத்துக்கு அதுதான் ஈடு. பழைமையின் மர்மத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளாடியா ஃபிரிட்ஸும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 21 வயலின் கலைஞர்கள் பார்வை மறைக்கப்பட்ட நிலையில் ஸ்ட்ராடிவாரி முதலான பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசித்தார்கள். பெரும்பாலோரால் எது பழையது என்று சொல்ல முடியவில்லை. அதிகம் விரும்பப்பட்டதும் ஒரு புதிய வயலின்தான். அந்தப் புதியவற்றைச் செய்தவர்கள் அளக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

மரத்தைப் பற்றிய தயக்கம் எளிதில் தீர்வது. ஆர்ச்டாப்புக்கு மேற்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் மேப்பிள் என்பது மரபு. ஸ்ப்ரூஸ் தமிழ்நாட்டில் விளையாது. இமயச் சரிவுகளில் விளைகிறது, இசைக்கருவிக்கென்று அறுத்த பலகைகளை வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். முதுகுக்கு மேப்பிளைத் தேட வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலா, அடர்த்தியில் அதற்கு ஒப்பிடத்தக்கது. தலைமுறைகளாக நரம்புக் கருவியில் சோதிக்கப்பட்டது. விரற்பலகைக்கு ஈட்டி மரம் வேண்டுமானால், தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டுவந்த மரம் அது என்பதை மனத்தில் வைத்து, உரிய ரசீதோடு வாங்க வேண்டும். பழைய கட்டில் கால்களும் கதவுச் சட்டங்களும் அதைவிட நல்ல வழி.

வானிலைதான் உண்மையான இடர். ஐப்பசி கார்த்திகை மழையில் காஞ்சிபுரத்தின் காற்று ஈரத்தால் கனக்கும். சித்திரை வைகாசியில் காய்ந்து கிடக்கும். மரம் ரேகையின் குறுக்கில் ஈரத்தை வாங்கி விரியும், வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் விரிந்து நிற்கும் பலகையைச் சட்டத்தில் ஒட்டினால் கோடையில் அது சுருங்க இடமில்லாமல் பிளக்கும். காய்ந்த மாதங்களில் ஒட்டினால் மழையில் விரிவது குவிவைச் சற்றே உயர்த்துவதோடு நின்றுவிடும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுபவர்களும், குழித்தறியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தவர்களும் வாழும் ஊரில் மாதம் பார்த்து வேலை செய்வது புதிதல்ல. மரத்தைக் கெடுப்பதில் ஈரத்தைவிட ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவதற்குப் பங்கு அதிகம். அனந்தசரஸ் குளத்தின் அடியிலிருந்து 1979இலும் பிறகு 2019இலும் வெளிவந்த அத்தி வரதர் திருமேனி அத்திமரத்தால் ஆனது. பக்தர்களுக்கு அதன் பொருள் வேறு, அது அவர்களுக்கு உரியது. மரம் அறிந்தவர் அதில் இன்னொன்றையும் காண்பார்: காற்றும் வெயிலும் மாறாத இடத்தில் மரம் பல தலைமுறை தாங்கும்.

பிழைப்பு பற்றிய மறுப்பைப் பொறுப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். பரம்பரையாகக் கருவி செய்யும் குடும்பங்கள் ஏற்கனவே தேய்ந்துவரும்போது, வேறு வருமானம் உள்ளவர்கள் ஆசைக்காக உளி எடுத்தால் அந்தக் குடும்பங்களின் வயிற்றில் அடிப்பதாகாதா? ஆகாது என்பதற்குக் கணக்கே போதும். ஓர் ஆர்ச்டாப்புக்கு மாதக்கணக்கில் மாலைநேரம் போகும். அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். குறைந்த விலையில் விற்கும் ஆர்ச்டாப்கள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்திச் செய்தவை. கைவினைஞரின் சந்தைக்கு நெருக்கடி தருவது அவைதான். கருவி செய்து பார்த்தவர், செய்பவருக்கு உரிய விலையைக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காஞ்சிப் பட்டுக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் கிடைத்த புவிசார் குறியீடு தேவையான காப்புதான். ஆனால் அது காப்பது பெயரையும் ஊரையும். நெசவாளரின் பிள்ளையும் வீணை ஆசாரியின் பிள்ளையும் வேறு வேலைக்குப் போய்விட்டால், பலகை எந்தத் தடிமனில் எப்படி ஒலித்தது என்பதைக் குறியீடு சொல்லித்தராது.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்த கதை. சங்கப் பாடல்களில் யாழின் உறுப்புகள் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு வருணிக்கப்பட்டுள்ளன. பத்தலும் கோடும் போர்வைத்தோலும் கண்முன் நிற்கின்றன. ஆனால் செய்வதற்குப் போதிய அளவுகள் நமக்கு எட்டவில்லை. மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்து, அறிவியலும் கணிதமும் கற்ற விபுலாநந்த அடிகள், பாடல்களையும் சிலப்பதிகார உரைகளையும் கணிதத்தையும் கொண்டு அந்தக் கருவியை மீட்க ஆண்டுகளைச் செலவிட்டு, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் மறைந்தார். ஒரு தச்சரின் அளவுக்கோல் குறிப்பு தப்பியிருந்தால் அந்த உழைப்பில் ஒரு பகுதி வேறு ஆராய்ச்சிக்குப் போயிருக்கும். அண்மையில் சென்னையில், கட்டடக்கலை படித்துவிட்டுக் கிடார் செய்ய வந்த தருண் சேகர் இலக்கியக் குறிப்புகளைக் கொண்டு யாழைச் செய்து இசைக்க வைத்திருக்கிறார். பரம்பரை அறுந்த இடத்தில் அதை மீண்டும் எடுத்துக் கட்டியவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதை இந்தக் கேள்வியைப் பேசும் யாரும் மறக்கக் கூடாது.

அமெரிக்க ஜாஸ் மேடைக்குப் பிறந்த கருவிக்குக் காஞ்சிபுரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. கருநாடக இசைப் பாடகர் நைனாப் பிள்ளையின் ஊரில் அந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் கருநாடக இசையில் வயலினும் மாண்டலினும் எப்படி வந்தன என்று எண்ணினால் போதும். ஆர்ச்டாப்பே நம் இசைக்குள் வந்து நாளாகிவிட்டது. விசுவ மோகன் பட்டின் மோகன வீணை, ஆர்ச்டாப் உடலில் வாசிப்புக் கம்பிகளோடு சுருதிக் கம்பிகளும், தாமாகக் கூட அதிரும் தரப்புக் கம்பிகளும் சேர்த்து இருபதாக்கிய கருவி; அதோடு அவர் 1994இல் கிராமி விருதும் பெற்றார். அவ்வளவு கூடுதல் அழுத்தத்தை ஏற்கக் குவிந்த பலகை பொருத்தமாக அமைந்தது. கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பது, பலா முதுகும் ஸ்ப்ரூஸ் முகமும் உள்ள கிடாரைச் செய்து வாசித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியவரும். அதை எந்தத் தொழிற்சாலையும் சோதிக்கப்போவதில்லை. கணினி இயந்திரம் எல்லாப் பலகைகளையும் ஒரே தடிமனில் வெட்டும். பலகைகள் ஒரே மாதிரி இல்லை என்பது அதன் கணக்கில் வராது.

ஆகவே ஆர்வலருக்கு நான் வைக்கும் நிபந்தனை குறிப்பேடு. வெட்டும் முன் பலகையின் எடையும் தொய்வும். குவிவு முடிந்ததும் மறுபடி. ஒட்டும் முன் கட்டம் கட்டமாகத் தடிமன். ஒட்டிய நாளின் காற்றின் ஈரம். கம்பி பூட்டிய அன்றும், ஓர் ஆண்டு கழித்தும் குவிவின் உயரம். தஞ்சாவூர்ப் பட்டறையில் வீணையின் மேற்பலகையைக் குடத்தின்மேல் பொருத்துவதற்கு முன் இதே அளவுகளை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பலகைக்கு ஒரு கீறல் விழாது, ஆசாரியின் வேலையும் தடைபடாது. சின்ன காஞ்சிபுரத்தில் தன் முதல் கிடாருக்காக அந்தப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொண்ட ஒருவர், அதே டயல் கேஜை எடுத்துக்கொண்டு அனுமதி கேட்டுத் தஞ்சாவூருக்குப் போகலாம்.